தாடியைத் தொடலாமா?

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சௌக்கியம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் நீ பொய்தான் சொல்லப்போகிறாய். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். போனில் பிடித்தால் "உம்... உம்... சரிக்கா, கூப்பிடுறாங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நாலு வரியாவது எழுதித்தானே ஆகவேண்டும்? அதனால்தான் காகிதம் எடுத்தேன். வாண்டு தூங்கிவிட்டான். உன் மாமாவும் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தாயிற்று.

பக்கத்து வீட்டம்மா கேட்கிறார், "உங்க தம்பி ஆபரேஷன் பண்ற டாக்டரா?" என்று. "இல்லைங்க, ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கிற டாக்டருக்குப் படிக்கிறான்" என்றேன். "தூங்க வைக்கிறதுக்கா இத்தனை வருஷப் படிப்பு? என் பொண்ணை நான் ரெண்டு தட்டுத் தட்டினா தூங்கிடுவா!" என்றார். நீயே பதில் சொல்லிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வாண்டைக் குளிப்பாட்டும்போது வலது தொடையிடுக்கில் கோலிக்குண்டு மாதிரி ஒரு வீக்கம் பார்த்தேன். ஓடினாலோ இருமினாலோ வெளியே வருகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. தெருமுனை ஆஸ்பத்திரியில் சர்ஜன் பார்த்துவிட்டு, குடலிறக்கம், ஆபரேஷன்தான் வழி என்றார். "சின்ன வேலைம்மா. காலைல வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்கிறார். ரொம்ப நாள் தள்ளவும் கூடாதாம், குடல் சிக்கிக்கொண்டால் ஆபத்தாம்.

கத்திக்குக்கூட நான் பயப்படவில்லை தம்பி. நாலு வயதுப் பிள்ளையை மயக்கத்தில் படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொல்வார்களே, அதுதான். பைத்தியக்காரத்தனம் என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் பதில் போடு.

பள்ளியில் எடுத்த படம் இதோடு வைத்திருக்கிறேன். தொப்பியைக் கழற்றவே மாட்டேன் என்று ஒரே அடம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜனவரி 20

அன்பு அக்காவுக்கு,

உயிரோடும் பசியோடும் இருக்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம். வாண்டுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

பக்கத்து வீட்டம்மா சொல்வது சரிதான், தூங்க வைப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் எங்கள் மருந்தில் தூங்குகிறவர் பல நேரம் மூச்சு விடுவதையே நிறுத்திவிடுவார். அவருக்காக நாங்கள் மூச்சு விட வேண்டும். அதற்குத் தொண்டை வழியாக ஒரு குழாய் போக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வழுக்கிக்கொண்டு போகும், சிலருக்குப் போகாது. அந்தச் சிலர் யார் என்று முந்தின நாளே கண்டுபிடிப்பதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

பாடம் நடத்துபவரைப் 'பெரிய மேடம்' என்போம். ஆள் குள்ளம்தான். சத்தமே போட மாட்டார், ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வார்டே நிமிர்ந்து உட்காரும். சனிக்கிழமைதோறும் எங்களை எதிரெதிரே உட்கார வைத்துவிடுவார். வாயைத் திற, நாக்கை நீட்டு. மூன்று விரல் நெட்டுக்குத்தாக வாய்க்குள் போகிறதா? தாடை நுனிக்கும் தொண்டை எலும்புக்கும் நடுவே மூன்று விரல் இடம் இருக்கிறதா? அண்ணாந்து கூரையைப் பார்க்க வருகிறதா? கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா?

என் அறைத்தோழனுக்குக் கழுத்து என்று ஒன்று கிடையாது, தலையைத் தோளில் நேராக வைத்து ஒட்டிய மாதிரி இருப்பான். போன சனிக்கிழமை எல்லாரும் அவனைப் பார்த்து 'கஷ்டம்' என்று ஒரே குரலில் சொன்னோம். மேடம் கேட்டார், "சரி, கஷ்டம். குழாய் போகலைன்னா என்ன பண்ணுவே?" எல்லாரும் நோட்டைப் புரட்டினோம். "கஷ்டமா சுலபமான்னு சொல்றது ஜோசியம்ப்பா. போகலைன்னா அடுத்து என்னன்னு சொல்றதுதான் வைத்தியம்" என்றார். கழுத்தில்லாதவன் மட்டும், "மேடம், என்னை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிடச் சொல்லுங்க" என்றான்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறினால் எனக்கு யாருடைய முகமும் தெரிவதில்லை. வெறும் தாடை, கழுத்து, பல். கண்டக்டர் முறைக்கிறார்.

வாண்டு படம் நன்றாக இருக்கிறது. தொப்பி இல்லாமல், பக்கவாட்டில் திரும்பி நிற்கிற மாதிரி இன்னொரு படம் எடுத்து அனுப்பேன். அவன் குறட்டை விடுவானா? வாயைத் திறந்துகொண்டு தூங்குவானா? மல்லாந்து படுப்பானா, குப்புறவா? சும்மாதான் கேட்கிறேன், எனக்கும் பழக்கம் ஆகட்டுமே என்று.

வீணாகப் பயப்படாதே. நீயும் நேரத்தோடு தூங்கு.
தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் பசி தீர்ந்ததா?

உன் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீடு வீடாகவே இல்லை. முதலில் என் வாயில் மூன்று விரல் வைத்துப் பார்த்தேன், போயிற்று. பிறகு உன் மாமா வாயில் வைத்தேன். அவர் கடித்துவிட்டார். "ஆபீசுக்கு நேரமாச்சுங்கிறேன், வாய்க்குள்ள கையை விடுறா பாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாண்டு கைதட்டிச் சிரித்தான். அவ்வளவுதான், அவனுக்கு அது விளையாட்டாகிவிட்டது. டாக்டர் பார்க்கும்போது முரண்டு பிடிக்காமல் இருக்கட்டுமே என்று நானும் தினமும் பழக்கினேன். நன்றாக அண்ணாந்து, வாயை ஓவென்று திறந்து, நாக்கை நீட்டி, "ஆ" என்பான். நேற்று வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தார். அவருக்கும் அதே உபசாரம். பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டு, "உங்க பையன் பெரியவங்களைப் பார்த்து நாக்கை நீட்டுறான்" என்று புகார். என்ன சொல்லிச் சமாளிப்பது? "மருத்துவக் காரணம் டீச்சர்" என்றேன். நம்பவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: குறட்டை உண்டு. சளி இல்லாத நாளிலும் உண்டு. அப்பாவைக் கொண்டிருக்கிறான் என்று நாங்கள் சிரிப்போம். வாய் திறந்தேதான் தூங்குவான். மல்லாத்திப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே புரண்டு குப்புறப் படுத்துவிடுவான்.

பக்கவாட்டுப் படமும் வைத்திருக்கிறேன். எடுக்கும்போதுதான் தெரிந்தது, இவனை நான் பக்கவாட்டில் ஒரு படம்கூட எடுத்ததில்லை. எப்போதும் நேராகப் பார்க்கச் சொல்லி, முகவாயைத் தூக்கித்தான் எடுத்திருக்கிறேன். அப்படித்தான் அழகாக இருப்பான்.

தேதி குறிக்கலாமா என்று சர்ஜன் கேட்கிறார். சீக்கிரம் எழுது.
அக்கா

பிப்ரவரி 13

அன்பு அக்காவுக்கு,

நலம். டியூட்டி அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

வாண்டு வாயைத் திறக்கும்போது "ஆ" சொல்லக் கூடாது. சத்தம் கொடுத்தால் உள்நாக்கு மேலே ஏறி, தொண்டை அகலமாக இருக்கிற மாதிரி ஏமாற்றும். நேராக உட்கார்ந்து, சத்தமில்லாமல் நாக்கை மட்டும் நீட்டச் சொல்.

தேதியைக் கொஞ்சம் பொறுத்துக் குறிக்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை. வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாக நின்று, வாந்தியும் வந்தால் மட்டும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு.

இன்னொன்று. மாமா எப்போதிலிருந்து தாடி வைத்திருக்கிறார்? தாடி இல்லாத படம் எதுவும் இருக்கிறதா?

மாமாவை விசாரித்ததாகச் சொல்.
தம்பி

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம், ஒருவருக்கு மட்டும் கோபம். நீ கேட்டதை அப்படியே உன் மாமாவிடம் கேட்டேன். "மயக்க மருந்து படிக்கிறானா, சவரம் பண்ணப் படிக்கிறானா? என் தாடி அவனை என்ன பண்ணுச்சு?" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. விளையாட்டுக்குக் காட்டுகிற கோபம் இல்லை அது. எனக்கே ஆச்சரியம்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்றும் தாடி, கல்யாணப் படத்திலும் தாடி. நான் கட்டிக்கொண்ட மனுஷனின் முகத்தில் பாதியை இன்னும் பார்த்ததில்லை! ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "பள்ளிக்கூடத்துல இவனைக் குருவி மூஞ்சி, குருவி மூஞ்சின்னு கேலி பண்ணுவாங்கம்மா. வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டான். முடி முளைச்சதும் தாடி விட்டவன்தான். நீ கேட்டேன்னு அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

எதற்காக இதைக் கேட்டாய்? பக்கவாட்டுப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லையே?

சர்ஜன் ஏப்ரல் முதல் வாரம் என்று தேதி கொடுத்துவிட்டார். நான் சரி என்று சொல்லியும்விட்டேன். தப்பா?

பதில் போடு. உடம்பு எப்படி இருக்கிறது?
அக்கா

மார்ச் 17

தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதிலே இல்லை. போன் செய்தால் உன் அறைத்தோழன் எடுத்து, "நல்லா இருக்கான்க்கா, தூங்குறான்" என்கிறான். மத்தியானம் கேட்டாலும் தூக்கம், சாயங்காலம் கேட்டாலும் தூக்கம். நீ அப்படித் தூங்குகிற பிள்ளை இல்லை என்று எனக்குத் தெரியாதா?

என் பிள்ளையைப் பற்றி நீ எதுவும் எழுத வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி எழுது.

அக்கா

மார்ச் 21

அன்பு அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். நிஜமாகவே.

ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார். அப்பா வயது இருக்கும். நெஞ்சு வரைக்கும் தாடி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவரைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. "என்ன தம்பி, குதிரைக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்க்கிறே?" என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினார். வாயைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், எல்லாம் சரி என்று எழுதினேன். தாடிக்குள் கை வைத்துத் தாடையை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை. பெரிய மனுஷர், முகத்தில் கை வைப்பது மரியாதை இல்லையே என்று கூச்சமாக இருந்தது.

தாடிக்கு அடியில் தாடை இருந்த இடம் வேறு, ரொம்பச் சின்னதாக உள்ளே ஒடுங்கி இருந்தது. மயக்கம் கொடுத்த பிறகு குழாய் போகவில்லை.

அதற்கு மேல் எழுத வரவில்லை அக்கா. அவர் பிழைத்துவிட்டார். பெரிய மேடம் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார், அதனால் பிழைத்தார். ஐந்தாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். போவதற்கு முன்னால் மேடம் எங்கள் எல்லாரையும் அவர் கட்டிலுக்கு வரச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. "ஐயா, இந்தப் பிள்ளைங்க உங்க தாடியைத் தொடலாமா?" என்று கேட்டார். "அதுக்கென்னம்மா, தாராளமா!" என்றார் அவர். வரிசையாக ஒவ்வொருவரும் தொட்டோம். நான் கடைசியில் நின்றேன். என் முறை வந்ததும் அவரே என் கையைப் பிடித்துத் தாடிக்குள் வைத்துக்கொண்டார். "நல்லாப் பாரு தம்பி, கூச்சப்படாதே" என்றார்.

வாண்டுக்குத் தேதி குறித்ததில் தப்பில்லை. ஆனால் மயக்க மருந்து டாக்டர் அவனை முந்தின நாளோ அதற்கு முன்போ நேரில் பார்த்தே ஆகவேண்டும். ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் பார்ப்பது போதாது. பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கச் சொல். மாமாவையும் கூடக் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் என்ன சொன்னாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

தம்பி

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நீ ஒழுங்காகச் சாப்பிடு. அந்த டிரைவர் ஐயாவே உன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாரே, இனிமேல் நீ ஏன் ஒளிந்துகொள்கிறாய்? இதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எங்கள் கதை.

ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கும் பெண் முதலில் முடியாது என்றுவிட்டாள். "அவர் ஆபரேஷன் அன்னிக்குக் காலைல வந்து பார்த்துக்குவாரும்மா. ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஓடுறவரு." முந்தின நாளே பார்க்க வேண்டும் என்றேன். அவள் சர்ஜனைக் கூப்பிட்டாள். அவர் வந்து, "ஏம்மா, செல்போன்ல ஏதாவது பார்த்துட்டு வந்தீங்களா?" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உன் மாமா என் முழங்கையைப் பிடித்து, "வா, போலாம். கிறுக்கச்சின்னு நினைக்கப் போறாங்க" என்றார். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்துவிட்டேன். "நினைச்சுக்கட்டும். அவர் வர்ற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாற்காலியில் இருந்த வாண்டு பயந்துபோய், நேராக நிமிர்ந்து உட்கார்ந்து நாக்கை நீட்டிவிட்டான்.

மத்தியானத்துக்கு மேல் வந்தார் மயக்க மருந்து டாக்டர். கையில் கார் சாவி. உட்காரக்கூட இல்லை. "சொல்லுங்க, என்ன பயம் உங்களுக்கு?" வாண்டு தன் வேலையைக் காட்டினான். சத்தமில்லாமல் நாக்கு. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரியவங்களுக்கே இப்படிச் செய்ய வராதே, யாருடா சொல்லிக் குடுத்தது?" என்று அவன் கன்னத்தைத் தட்டி முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

சிரிப்பு நின்றுவிட்டது. சாவி சட்டைப் பைக்குள் போயிற்று. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குறட்டை உண்டா, எப்படித் தூங்குவான், வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தில் சிரமம் வந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, கடைசிக் கேள்வியைத் தவிர. அதற்கு அவர் நிமிர்ந்து உன் மாமாவைப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க தாடியைத் தொடலாமா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். இப்போது எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், உன் மாமா அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டாக்டரின் விரல்கள் தாடிக்குள் போயின. தாடை இருக்கும் என்று நான் இத்தனை வருஷமாக நினைத்திருந்த இடத்தையும் தாண்டி, இன்னும் உள்ளே போயின.

கண்ணைத் திறக்காமலே பேசினார் உன் மாமா. "சின்ன வயசுல எனக்கு ஒரு ஆபரேஷன் ஆச்சு டாக்டர். முழிச்சுப் பார்க்கிறேன், உதடெல்லாம் வீங்கிக் கிடக்கு, முன்பல் ஒண்ணு காணோம். ஏன்னு கேட்டேன். யாரும் சொல்லலை. அதுக்கப்புறம் நானும் யார்கிட்டயும் சொல்லலை."

என்னிடமும் சொன்னதில்லை தம்பி. அந்த இடத்தில் இருப்பது கட்டிய பல்லாம், நான் சொந்தப் பல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இங்க வேண்டாம்மா. பையனுக்கு ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க. ஆனா தாடை சின்னது, குழாய் போடக் கொஞ்சம் சிரமப்படலாம். முதல் தடவை போகலைன்னா அடுத்து என்ன பண்றதுங்கிறதுக்கு இந்த ஆஸ்பத்திரியில என்கிட்ட சாமான் இல்லை. குழந்தைகளுக்குன்னு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்." சர்ஜன் முகம் சுண்டிவிட்டது. இவர் அவரிடம், "நல்ல வேளை, இன்னிக்கே பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிளம்பும்போது உன் மாமாவுக்குக் கைகொடுத்தார்.

தெருவில் இறங்கி நடந்தோம். அப்புறம் உன் மாமா, "தாடியை எடுத்துடட்டுமா?" என்றார். "வேண்டாம்" என்றேன். "ஏன்?" "யாரோ வேத்து ஆம்பளை வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கும்." நடுத்தெருவில் நின்று சிரித்தார். ரொம்ப நாளாயிற்று அவர் அப்படிச் சிரித்து.

அடுத்த மாதக் கடைசியில் தேதி. அதுவரைக்கும் அந்த வீக்கம் சிக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்று மணிக்கொரு தரம் அவன் டிராயரைத் தூக்கிப் பார்க்கிறேன். "அம்மா, போதும்மா" என்கிறான்.

அக்கா

ஏப்ரல் 8

அன்பு அக்காவுக்கு,

மாமாவுக்கு முதலில் என் வணக்கம். இந்தத் தடவை நிஜமான வணக்கம்.

உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தொப்பி போட்ட படத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கவாட்டுப் படம் வந்ததும் பெரிய மேடத்திடம் காட்டினேன். "யாரு?" என்றார். அக்கா பையன் என்றேன். "அக்காகிட்ட சொல்லிட்டியா?" "இல்லை மேடம், பயந்துடுவாங்க." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குப் பயமா இருக்கு. அதை எதுக்கு அவங்க தலையில போடுறே?" என்றார். அப்புறமும் எனக்குத் தைரியம் வரவில்லை. தாடியைப் பற்றிக் கேட்டு, அரைகுறையாக எழுதி, நீயே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். டிரைவர் ஐயாவுக்குப் பிறகுதான் புத்தி வந்தது.

நீ அந்த நாற்காலியில் திரும்ப உட்கார்ந்ததை மேடத்திடம் சொன்னேன். "உன்னைவிட உங்க அக்கா நல்லாப் படிக்கிறாங்க" என்றார். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கொஞ்சம் வெட்கம், நிறையப் பெருமை.

பெரிய ஆஸ்பத்திரியில் உன்னை யாரும் கிறுக்கச்சி என்று நினைக்க மாட்டார்கள். அங்கே ஒன்றே ஒன்று கேள்: "குழாய் போகலைன்னா என்ன பண்ணுவீங்க?" யோசிக்காமல் பதில் சொல்கிறார்களா என்று பார். சொன்னால் நிம்மதியாகப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வெளியே வா.

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. டிராயரைக் குளிக்கும்போது மட்டும் பார். பாவம் அவன்.

உன் தம்பி

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம். இந்தத் தடவை 'எல்லாரும்' என்று எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினேன். போனில் சேதியைச் சொல்லிவிட்டேன், இருந்தாலும் போனில் நான் மூக்கை உறிஞ்சினதுதான் அதிகம். இதைக் காகிதத்தில் எழுதினால்தான் எனக்கு முடிந்த மாதிரி இருக்கும்.

அங்கே மயக்க மருந்து டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே என்னைப் போலவே கருவளையம். அவருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும் போல. முந்தின நாள் சாயங்காலமே வந்து கட்டிலில் உட்கார்ந்து வாண்டோடு நாக்கை நீட்டி விளையாடினார். உன் மாமா பல் கதையை அவராகவே முழுசாகச் சொன்னார். அப்புறம் நான் நீ சொன்னதைக் கேட்டேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர். "முதல்ல சாதாரணமாப் பார்ப்போம். போகலைன்னா கேமரா வச்ச கருவி இருக்கு. அதுலயும் வரலைன்னா தொண்டைக்கு மேலேயே உட்கார்ற மாதிரி வேற குழாய் இருக்கு. என்கூட இன்னொரு பெரிய டாக்டரும் நிப்பார். எதுவுமே சரியா வரலைன்னா..." என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுப்பிடுவோம். ஆபரேஷனை இன்னொரு நாள் பண்ணிக்கலாம். அது ஒண்ணும் ஓடிப் போயிடாது."

எழுப்பிவிடுவார்கள்! இத்தனை மாதமாக நான் பயந்து செத்ததில் இந்த ஒன்று மட்டும் என் மூளைக்குத் தோன்றவே இல்லை. உன் கழுத்தில்லாத தோழன் விளையாட்டுக்குச் சொன்னதை நான் அப்போது படித்துச் சிரித்ததோடு சரி. அன்றைக்குத்தான் நிஜமாகத் தூங்கினேன். ஆஸ்பத்திரிப் பெஞ்சில், உன் மாமா தோளில்.

காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக என்னை விட்டார்கள். என் மடியிலேயே முகமூடியை வைத்தார்கள். கண் செருகினதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வெளியே நீல நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எதிரில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பக்கத்தைத் திருப்பும் போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் மாமா தண்ணீர் வாங்கிவரப் போகிறேன் என்று எழுந்து, போகாமல் உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது ஒரு கத்தல். காது கிழிகிற கத்தல். "என் செருப்பைக் குடூஊஊ!"

உன் மாமா பதறி எழுந்து, "வலிக்குதோ என்னவோ" என்று கதவை நோக்கி ஓடினார். அதற்குள் டாக்டரே தொப்பியோடு வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை, அதோடு சிரிப்பு. "சாதாரணமாப் பார்த்தப்போ குழாய் போற வழியே தெரியலை. கேமரா வச்சுப் போட்டோம், நல்லபடியா போயிடுச்சு. தயாரா இருந்ததால சிரமமே இல்லை. ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது. எப்ப எங்க மயக்கம் குடுத்தாலும் இதை முன்கூட்டியே சொல்லிடணும், எழுதியும் தர்றேன்" என்றார். உள்ளே செருப்புக் கச்சேரி நிற்கவே இல்லை. "கத்தட்டும் சார், விடுங்க" என்று உன் மாமாவைப் பார்த்துச் சொன்னார். "எங்களுக்கு இதைவிட நல்ல சத்தம் கிடையாது. இப்படிக் கத்தணும்னா மூச்சு எவ்வளவு தாராளமாப் போகணும், யோசிச்சுப் பாருங்க."

அவனை என் கையில் கொடுத்தார்கள். நாங்கள் அந்த நீளமான வராந்தாவில் வார்டுக்குப் போனோம். வழி நெடுகச் செருப்பு, செருப்பு என்று ஒரே கூப்பாடு. மூக்கு ஒழுக, முகம் சிவக்க, வாய் இரண்டு கன்னத்துக்கும் திறக்க. ஒரு நர்ஸ் பொம்மை காட்டினாள், ஒருவர் பிஸ்கட்டை ஆட்டினார். பேப்பர் படித்த பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் சமாதானப்படுத்தும்மா, எல்லாருக்கும் தொந்தரவா இருக்குல்ல" என்றார்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். யாராவது முகம் சுளித்தாலே மன்னிப்புக் கேட்கிறவள்.

"இல்லைங்க ஐயா," என்றேன், "இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."

நீயும் அங்கே சுகமாக இரு.
உன் அக்கா